ஒரே கிளாஸில் நாலு பேட்டர்ன்: எங்கே ஒட்டும், எங்கே விரியும்

"ஒரு கிளாஸுக்கு ஒரு வேலைதான்" என்ற விதியைக் காட்டி, ஒரே கிளாஸில் இரண்டு டிசைன் பேட்டர்ன் வந்தாலே தப்பு என்று கோட் ரிவ்யூவில் எழுதுகிறவர்கள் உண்டு. விதி சரி, அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் சரியில்லை. பேட்டர்ன் என்பது உறவுக்கு வைத்த பெயர். ஒரு ஆப்ஜெக்ட் தன்னை அழைப்பவரோடு ஒரு உறவிலும், தன்னை அடுக்கி வைத்திருப்பவரோடு இன்னொரு உறவிலும், தன் சப்கிளாஸோடு மூன்றாவது உறவிலும் இருக்கலாம். அப்போதும் அதன் வேலை ஒன்றாகவே இருக்கும்.

அதனால் எத்தனை பேட்டர்ன் என்று எண்ணிப் பயனில்லை. ஒவ்வொரு பேட்டர்னும் அந்த ஆப்ஜெக்டிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இப்படி எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கும்? ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும்? அதை யார் கையில் பிடித்துக்கொண்டிருப்பார்கள்? தாய் கிளாஸுக்கான ஒரே ஒரு இடத்தை எந்தப் பேட்டர்ன் எடுத்துக்கொள்கிறது? இந்த நாலு கேள்விக்கும் எல்லாப் பேட்டர்னும் ஒரே பதில் சொன்னால், நாலு பேட்டர்ன் இருந்தாலும் கிளாஸ் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பதில் மாறினால் இரண்டே பேட்டர்னில்கூட விரிசல் வரும். கம்பைலர் இதைச் சொல்லாது. பெரும்பாலும் ஆறு மாதம் கழித்து மெமரியிலோ, ஒரு டெஸ்ட் பாஸானபின் அடுத்தது ஃபெயில் ஆவதிலோதான் தெரியவரும்.

இதைப் பார்த்துப் படிக்க, ஜாவா கோடுக்கு டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் 3-இன் டெஸ்ட்கேஸ் கிளாஸைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானத்தில் எழுத ஆரம்பித்தது ஜேயூனிட். 1994-இல் 23 பேட்டர்ன்களைத் தொகுத்த நால்வரில் காமா ஒருவர். ஆகவே அந்தக் கிளாஸுக்குள் இருக்கும் எதுவும் தற்செயலாக வந்து சேர்ந்ததில்லை. டெஸ்ட்கேஸ் நாலு பேட்டர்ன்களில் பங்கெடுக்கிறது, முதிர்ந்த டிசைனில் இப்படி அடர்த்தி வருவது இயல்பு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு டெஸ்டை ஓட்டு என்ற கோரிக்கையையே ஆப்ஜெக்டாக்கி, அதற்கு 'ரன்' என்ற மெத்தட் கொடுத்தால் அது கமாண்ட். அந்த ஓட்டத்தின் வரிசையைத் தாய் கிளாஸ் வைத்துக்கொண்டு, செட்அப் (தயார் செய்வது), ரன்டெஸ்ட் (டெஸ்டை ஓட்டுவது), டியர்டவுன் (சுத்தம் செய்வது) என்ற மூன்று படிகளையும் சப்கிளாஸ் நிரப்பலாம் என்று விட்டால் அது டெம்ப்ளேட் மெத்தட். இருபது டெஸ்டுக்கு இருபது சப்கிளாஸ் எழுத முடியாது என்பதால், கன்ஸ்ட்ரக்டரில் மெத்தடின் பெயரை வாங்கிவைத்து, ரன்டெஸ்ட் அந்தப் பெயரை ரிஃப்ளெக்ஷனில் தேடி அழைக்கிறது. கமாண்டின் 'ரன்'னை உங்கள் டெஸ்ட் மெத்தடோடு பொருத்துகிற அடாப்டர் வேலை இது. கடைசியாக, டெஸ்ட்கேஸும் டெஸ்ட்சூட்டும் 'டெஸ்ட்' என்ற ஒரே இன்டர்ஃபேஸை ஏற்பதால், தனி டெஸ்டையும் டெஸ்டுகளின் கூட்டத்தையும் வித்தியாசமில்லாமல் ஓட்டலாம். அது காம்போசிட்.

நாலு பேட்டர்ன் சுமக்கிற இந்தக் கிளாஸின் ஆப்ஜெக்டில் எத்தனை ஃபீல்ட்? ஒன்றே ஒன்று, டெஸ்டின் பெயர். ரிசல்ட்டைக்கூட அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. டெஸ்ட்ரிசல்ட் என்ற ஆப்ஜெக்ட் வெளியிலிருந்து ஆர்க்யுமென்டாக வந்து, எல்லா டெஸ்டுக்குள்ளும் புகுந்து, தோல்விகளைச் சேகரித்துக்கொண்டு வெளியேறுகிறது. கமாண்ட், காம்போசிட் இரண்டும் பேசுவது ரிசல்ட்டை வாங்கிக்கொள்ளும் அந்த ஒரே 'ரன்' மெத்தட் வழியாகத்தான். பேட்டர்ன்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரக் காரணம் இதுதான். ஒவ்வொன்றும் தனக்கென்று ஃபீல்ட் கேட்கவில்லை.

உங்கள் கிளாஸுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் மெத்தட்களையும் மேலே ஃபீல்ட்களையும் எழுதி, எந்த மெத்தட் எந்த ஃபீல்டைத் தொடுகிறதோ அங்கே புள்ளி வையுங்கள். புள்ளிகள் ஒன்றையொன்று தொடாத இரண்டு தீவுகளாகப் பிரிந்தால், ஒரு பேட்டர்ன் அந்தக் கிளாஸில் வெறுமனே குடியிருக்கிறது என்று அர்த்தம். லிஸனர் (நடப்பதைத் தனக்குச் சொல்லும்படி பதிவு செய்துகொண்ட ஆப்ஜெக்ட்) பட்டியலை மூன்று மெத்தட் மட்டும் தொடுகின்றன, மற்ற பதினைந்தும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், அந்த மூன்றும் வேறு கிளாஸுக்குப் போக வேண்டியவை. இருபது நிமிட வேலை. ரிவ்யூவில் கருத்துச் சொல்வதற்கு முன் இதைச் செய்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

இவ்வளவு நேர்த்தியான டெஸ்ட்கேஸும் ஒரு இடத்தில் விரிந்தது. நாலு கேள்விகளில் இரண்டாவதான ஆயுளில்.

கமாண்ட் ஆப்ஜெக்ட் ஓடி முடிந்ததும் தூக்கிப் போடலாம். காம்போசிட் அப்படி விடாது. டெஸ்ட்சூட் தன் பிள்ளைகளை ஒரு வெக்டரில் அடுக்கி, முழு ஓட்டம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் தனி ஆப்ஜெக்ட் என்பதால், 40 டெஸ்ட் உள்ள கிளாஸுக்கு 40 ஆப்ஜெக்ட் அந்த வெக்டரில் இருக்கும். டெஸ்ட்கேஸின் சொந்த ஃபீல்ட் ஒன்றுதான், ஆனால் நீங்கள் எழுதும் சப்கிளாஸில் ஃபீல்ட் வரும். செட்அப்பில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலைப் படித்து ஃபீல்டில் போட்டீர்கள், ஆளுக்கு 200 கேபி என்று வைத்துக்கொள்வோம். 1,500 டெஸ்ட் ஓடினால் கடைசியில் கிட்டத்தட்ட 300 எம்பி யாருக்கும் பயனில்லாமல் பிடிபட்டிருக்கும். அந்தக் கால ஜேவிஎம்-இல் (ஜாவா கோடை ஓட்டும் மென்பொருள்) ஹீப்பின் (ஆப்ஜெக்டுகள் தங்கும் மெமரி) இயல்பான உச்சவரம்பு 64 எம்பி. 320 டெஸ்ட் ஓடுவதற்குள்ளேயே ஏதோ ஒன்று அவுட் ஆஃப் மெமரி எர்ரரில் விழும், விழுந்த டெஸ்டில் ஒரு குறையும் இருக்காது. அதனால்தான் பழைய ஜேயூனிட் கோடில் டியர்டவுனுக்குள் எல்லா ஃபீல்டையும் நல் (null, எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத நிலை) ஆக்கும் வரிகளைப் பார்க்கிறோம். பார்க்க அசிங்கமாக இருக்கும் அந்த வரிகளை ரீஃபாக்டர் செய்கிறேன் என்று அழித்துவிடாதீர்கள். காம்போசிட்டுக்கும் கமாண்டுக்கும் நடுவே ஆயுளில் உள்ள வித்தியாசத்தை ஆள் கையால் அடைக்கிற வரிகள் அவை.

இதன் இன்னொரு முகம் கன்ஸ்ட்ரக்டர். காம்போசிட் முதலில் முழு மரத்தையும் கட்டிவிட்டுத்தான் ஓட்டும். எனவே டெஸ்ட் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலோ, ஃபீல்டை அறிவிக்கும் வரியிலேயோ கனெக்ஷன் திறந்தால், முதல் டெஸ்ட் ஓடுவதற்கு முன்பே 1,500 கனெக்ஷன் திறக்கப்படும். செட்அப்பில் திறப்பதும் கன்ஸ்ட்ரக்டரில் திறப்பதும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கன்ஸ்ட்ரக்டர் காம்போசிட்டின் நேரத்தில் ஓடுகிறது, செட்அப் கமாண்டின் நேரத்தில் ஓடுகிறது.

நாலாவது கேள்வியான தாய் கிளாஸ் இடத்தில் வேறு வகைத் தொல்லை. டெம்ப்ளேட் மெத்தட் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் அந்த இடம் ஒன்றுதான். டெஸ்ட்கேஸ் தானே அசெர்ட் என்ற கிளாஸின் பிள்ளை. அசெர்ட்ஈக்வல்ஸ் போன்றவற்றை முன்னொட்டில்லாமல் எழுத வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. ப்ராஜெக்டில் எல்லாருக்கும் பொதுவாக டேட்டாபேஸ் டெஸ்டுக்கு ஒரு தாய், வெப் டெஸ்டுக்கு ஒரு தாய் என்று வந்தபின், இரண்டும் வேண்டிய டெஸ்ட் எங்கே போகும்? ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவார்கள். அப்படி மூன்று தலைமுறை ஆனதும், நடுவில் உள்ளவர் தன் செட்அப்பில் சூப்பர் செட்அப்பை அழைக்க மறப்பார். கனெக்ஷன் திறக்கப்படாமல் null ஆகவே இருக்கும். நல் பாயிண்டர் எக்ஸெப்ஷனோ டெஸ்ட் மெத்தடின் வரியைக் காட்டும், செட்அப்பின் பக்கம் கைகாட்டாது. இதைவிட மோசமானது 'setUp' என்பதில் பெரிய U-வைச் சிறியதாக அடித்துவிடுவது. தாயின் மெத்தடை அது மாற்றி எழுதாது, புதிதாக ஒரு மெத்தட் மட்டும் உருவாகும், யாரும் அதை அழைக்க மாட்டார்கள். ஜாவா 5-இல் வந்த ஓவர்ரைட் (@Override) அனோடேஷனை, சப்கிளாஸ் நிரப்புகிற இப்படிப்பட்ட ஹூக் மெத்தட் ஒவ்வொன்றின் மேலும் தவறாமல் போடுங்கள்.

சூப்பரை மறப்பதற்கு ஒரு தடுப்பு உண்டு. தாயில் செட்அப்பை ஃபைனல் ஆக்கி, அதற்குள் தாயின் வேலையை முடித்துவிட்டு, வெறுமையான வேறொரு ஹூக்கை அழைக்க வேண்டும். பிள்ளை அந்த ஹூக்கை மட்டும் நிரப்பும். இரண்டு தலைமுறைக்கு இது நன்றாக வேலை செய்யும். மூன்றாவது தலைமுறைக்கு இன்னொரு ஹூக் பெயர் தேவைப்படும்போதே, டெம்ப்ளேட் மெத்தடின் எல்லை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படிகளின் வரிசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜேயூனிட் 3-இல் ரன்பேர் என்ற மெத்தட் முதலில் செட்அப்பை அழைக்கும், அதற்குப் பிறகுதான் ட்ரை தொடங்கும். ரன்டெஸ்ட் உள்ளே, டியர்டவுன் ஃபைனலியில் (ட்ரைக்குள் நுழைந்தபின் எது விழுந்தாலும் ஓடும் பகுதி). செட்அப் பாதியில் விழுந்தால் டியர்டவுன் ஓடவே ஓடாது. செட்அப்பில் முதல் வரி 8080 போர்ட்டில் ஒரு சர்வரைத் திறக்கிறது, இரண்டாவது வரி டேட்டாபேஸுக்குப் போகிறது, டேட்டாபேஸ் அந்த நொடி பதில் தரவில்லை. போர்ட் மூடப்படாமல் நிற்கும். அடுத்த டெஸ்டின் செட்அப்பில் டேட்டாபேஸ் சரியாக இருந்தாலும், போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் என்று பைண்ட் எக்ஸெப்ஷன் வரும். அதற்கடுத்ததும் அப்படியே. ரிப்போர்ட்டில் 39 டெஸ்ட் போர்ட்டைக் குறை சொல்லும், உண்மைக் காரணம் முதல் தோல்வியில் மட்டும் இருக்கும். இந்த மாதிரிச் சங்கிலி விழும்போது எப்போதும் முதல் எர்ரரைத்தான் படிக்க வேண்டும்.

2006-இல் வந்த ஜேயூனிட் 4 இந்த முடிச்சுகளைப் பேட்டர்ன்களைக் கைவிட்டு அவிழ்க்கவில்லை, வேறு வேறு ஆப்ஜெக்டுக்குக் கொடுத்து அவிழ்த்தது. உங்கள் டெஸ்ட் கிளாஸுக்குத் தாயே தேவையில்லை, அனோடேஷன் போதும். காம்போசிட் வேலை, டெஸ்டுகளை ஓட்டும் தனி ஆப்ஜெக்டான ரன்னருக்குப் போனது. 4.5-லிருந்து இருக்கும் பிளாக் ஜேயூனிட்4 கிளாஸ்ரன்னர் தன் பிள்ளைகளாக வைத்திருப்பது டெஸ்ட் ஆப்ஜெக்டுகளை அல்ல, மெத்தட்களின் விவரத்தை மட்டும். ஓட்டும் நேரம் வந்ததும் ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கி, ஸ்டேட்மென்ட் என்ற கமாண்டைச் சுற்றி உறையாகப் போட்டு ஓட்டி முடித்து, கையை விட்டுவிடும். நீண்ட ஆயுள் கேட்ட காம்போசிட் மரத்தில் நிற்கிறது, குறுகிய ஆயுள் கேட்ட டெஸ்ட் ஆப்ஜெக்ட் வந்து போகிறது. ஃபீல்டை நல் ஆக்கும் வரிகளுக்கு அவசியம் போய்விட்டது. செட்அப்புக்குப் பதிலான பிஃபோர் மெத்தட் விழுந்தாலும் டியர்டவுனுக்குப் பதிலான ஆஃப்டர் மெத்தட் ஓடும் என்ற உத்தரவாதமும் கூடவே வந்தது, ஏனென்றால் ஆஃப்டரின் உறை பிஃபோரின் உறைக்கு வெளியே இருக்கிறது.

உறைகளாகப் போனால் உறைகளின் வரிசை முக்கியம் ஆகிவிடும், அதையும் கவனிக்க வேண்டும். டெஸ்ட் அனோடேஷனில் டைம்அவுட் கொடுத்தால் அந்த உறை பிஃபோர் உறைக்கு உள்ளே வருகிறது. டைம்அவுட் தன் உள்ளே இருப்பதை வேறு த்ரெட்டில் ஓட்டும். விளைவு, பிஃபோர் ஒரு த்ரெட்டிலும் டெஸ்ட் இன்னொரு த்ரெட்டிலும் ஓடுகின்றன. பிஃபோரில் த்ரெட்லோக்கலில் (ஒரு த்ரெட்டுக்கு மட்டும் தெரியும் இடம்) வைத்த ட்ரான்ஸாக்ஷன் டெஸ்டுக்குள் காணாமல் போகும். டைம்அவுட்டை ரூலாக (கிளாஸில் ஃபீல்டாக அறிவிக்கும் பொது உறை) கொடுத்தால் அந்த உறை வெளியே போய்விடும், இரண்டும் ஒரே த்ரெட்டில் ஓடும்.

டாட்நெட் உலகின் என்யூனிட் இதே ஆயுள் கேள்விக்கு நேர் எதிரான பதிலை எடுத்தது. ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட், எல்லா டெஸ்டும் அதன் மேல் ஓடும். மெமரித் தொல்லை இல்லை, பதிலாக ஒரு டெஸ்ட் ஃபீல்டில் விட்டுப்போனது அடுத்த டெஸ்டின் கண்ணில் படும். 3.13-இல் டெஸ்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் என்று தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. 2017-இல் வந்த ஜேயூனிட் 5-இலோ இயல்பு மெத்தடுக்கு ஒரு ஆப்ஜெக்ட், வேண்டுமானால் கிளாஸுக்கு ஒன்று என்று அனோடேஷனால் மாற்றலாம். இரண்டு பக்கமும் ஆயுளைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் விஷயமாக ஆக்கிவிட்டன. எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது.

சிங்கிள்டன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எண்ணிக்கைக்கும் ஆயுளுக்கும் சேர்த்து விடை எழுதிவிடுகிறது: ஒன்று, ப்ராசஸ் சாகும்வரை. அதோடு அப்சர்வரை (மாற்றத்தை லிஸனர்களுக்குச் சொல்லும் பேட்டர்ன்) சேர்த்தால், பதிவான ஒவ்வொரு லிஸனரும் ப்ராசஸ் சாகும்வரை பிடிபடும். மூடிய விண்டோ மெமரியில் தங்கும் கதை பெரும்பாலும் இதுதான். டெம்ப்ளேட் மெத்தடைச் சேர்த்தால், கன்ஸ்ட்ரக்டரை ப்ரைவேட்டிலிருந்து ப்ரொடெக்டடுக்குத் தளர்த்த வேண்டிவரும், அப்போதே 'ஒன்று மட்டும்' என்ற உறுதி போய்விடும். ஒரே ஆப்ஜெக்ட் வேண்டும் என்றால் மெயினில் ஒன்றை உருவாக்கி, தேவைப்படுகிறவர்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். ஸ்டேட்டும் (ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஆப்ஜெக்ட்) ஃப்ளைவெயிட்டும் (ஒரே ஆப்ஜெக்டைப் பலர் பகிர்வது) சேர்வதில் நிலைமை வேறு. நிலை ஆப்ஜெக்டில் ஃபீல்டே இல்லாதவரை ஆயிரம் பேர் அதைப் பகிரலாம். யாரோ அதற்குள் ஒரு கவுண்டரை வைத்த அன்று, ஆயிரம் பேரின் கவுண்டரும் ஒன்றாகிவிடும்.

இனி, ஏற்கெனவே கலந்து கிடக்கும் ஒரு கிளாஸை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். ஃபைல் டவுன்லோட் கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். க்யூவில் போட்டு ஓட்டுவதால் கமாண்ட். காத்திருப்பு, ஓட்டம், நிறுத்தம், முடிவு, தோல்வி என்று மாறுவதால் ஸ்டேட். ப்ரோக்ரஸ் பாருக்குச் சொல்வதால் அப்சர்வர். மூன்றும் ஒரே கிளாஸில் நன்றாகவே ஓடும், ரீட்ரை கேட்கும்வரை. 100 எம்பி ஃபைல் 40 எம்பி-யில் அறுந்தது. கமாண்ட் என்பதால் அதே ஆப்ஜெக்டைத் திரும்ப க்யூவில் போடுகிறோம். பைட் கவுண்டரில் பழைய 40 அப்படியே இருக்கிறது, ஓட்டம் முதலிலிருந்து போகிறது, பார் 140 சதவீதம் காட்டுகிறது. கவுண்டரைச் சுழியாக்கும் ஒரு வரியைச் சேர்த்து இதை மறைக்கலாம். ஆனால் ஓட்டத்தின் தொடக்கத்தில் பாரை லிஸனராகப் பதிவு செய்கிற கோடும் அங்கேயே இருந்தால், இரண்டாவது முயற்சியில் அதே பார் இரண்டு முறை பதிவாகி ஒவ்வொரு செய்தியையும் இரட்டையாக வாங்கும். அதற்கு ஒரு வரி, நிலையை மாற்ற ஒரு வரி என்று அழிக்கிற வரிகள் வளர்ந்துகொண்டே போகும்.

நாலு கேள்வியையும் கேட்டால் பிரிவு தானாகத் தெரியும். கோரிக்கை ஒன்று, முயற்சிகள் மூன்றுவரை. கமாண்டும் அப்சர்வரும் கோரிக்கையின் ஆயுளைக் கேட்கின்றன, ஸ்டேட் முயற்சியின் ஆயுளைக் கேட்கிறது. எனவே முதலில் மிகக் குறுகிய ஆயுள் உள்ள ஃபீல்ட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பைட் கவுண்டர், இப்போதைய நிலை, திறந்த ஸ்ட்ரீம். அவற்றை 'முயற்சி' என்ற புதிய கிளாஸுக்கு நகர்த்துங்கள். பழைய கிளாஸின் மெத்தட் பெயர்களை அப்படியே விட்டு, உள்ளே முயற்சிக்கு அனுப்பும்படி மட்டும் மாற்றுங்கள், அழைப்பவர்கள் எவரையும் இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம். டெஸ்டுகளை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ரீட்ரைக்கும் புதிய முயற்சி ஆப்ஜெக்டை உருவாக்குங்கள், பழையதைச் சுழியாக்கும் வரிகள் எல்லாம் அப்போது தேவையற்றுப் போகும், அழித்துவிடலாம். கோரிக்கையில் மிஞ்சுவது முகவரி, சேமிக்கும் இடம், அதிகபட்ச முயற்சி 3, லிஸனர் பட்டியல். முதல் மூன்றையும் ஃபைனல் ஆக்குங்கள்.

லிஸனர் பட்டியலில் ஒரு எச்சரிக்கை. செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிஸனர் தன்னை நீக்கிக்கொள்ளும், முடிந்துவிட்டது என்ற செய்தியில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். சாதாரண அர்ரேலிஸ்டில் சுற்றிவரும் நடுவே நீக்கினால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வரும். ஜேயூனிட் 3-இன் டெஸ்ட்ரிசல்ட் இதற்காகவே லிஸனர் வெக்டரை நகலெடுத்து, நகலின் மேல்தான் சுற்றுகிறது. இன்றைக்கு எழுதுவதானால் காப்பிஆன்ரைட் அர்ரேலிஸ்ட் போதும். லாக்கைப் பிடித்துக்கொண்டு லிஸனரை அழைக்காதீர்கள். லிஸனர் வேறொரு லாக்குக்காகக் காத்திருக்க, அதைப் பிடித்திருக்கும் த்ரெட் உங்கள் லாக்குக்காகக் காத்திருந்தால், இரண்டு த்ரெட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி உறைந்துவிடும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் இப்போது முயற்சியின் கையில் இருக்கிறது. தொடங்கும்போது டிஸ்கில் எத்தனை பைட் இருக்கிறது என்று பார்த்து, ரேஞ்ச் ஹெடரில் அங்கிருந்து கேட்க வேண்டும். சர்வர் 206 (கேட்ட பகுதி மட்டும்) தந்தால் ஃபைலின் கடைசியில் சேர்த்து எழுதலாம். 200 தந்தால், ரேஞ்சை அது கண்டுகொள்ளவில்லை, முழு ஃபைலும் முதலிலிருந்து வருகிறது. அதைக் கவனிக்காமல் கடைசியில் சேர்த்தால் டிஸ்கில் 140 எம்பி ஃபைல் இருக்கும், திறக்காது. நடுவில் சர்வரில் ஃபைலே மாறியிருக்கவும் கூடும். அதற்கு முதல் பதிலில் வந்த ஈடேகை (ஃபைலின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) கோரிக்கை ஆப்ஜெக்டில் சேமித்துவைத்து, அடுத்த முயற்சியில் இஃப்-ரேஞ்ச் ஹெடரில் அனுப்புங்கள். மாறியிருந்தால் சர்வரே 200-ஓடு முழுவதையும் தரும். ஈடேகை ஏன் முயற்சியில் வைக்கவில்லை என்றால், அது முதல் முயற்சி செத்த பிறகும் தேவைப்படுகிறது.